கடலில் யார் யாரோடு பேசுகிறார்கள்? படகுத் தொடர்புக் கருவிகளை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீன்வளத் துறை அதிகாரிகளுக்கும், ஆழ்கடல் படகுகளுக்கான தொடர்புக் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் சித்தப்பாவின் படகில், கேபினுக்குள் ஸ்டீயரிங்குக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உப்புக்காற்று படாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டது. நாற்பது ஐம்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு போன் நம்பர். பெயர்கள் ஆட்களுடையவை அல்ல, படகுகளுடையவை. நம்பர்களோ படகோட்டிகளுடையவை அல்ல, வீட்டில் இருக்கும் பெண்களுடையவை. சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாக எட்டு ஊர்கள். அங்கிருந்து போகும் ஆழ்கடல் படகுகள் பெரும்பாலும் கொச்சியைத் தங்குதளமாக வைத்துத்தான் தொழில் செய்கின்றன. சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடப் போனால் முப்பது நாள், நாற்பது நாள் கடலிலேயே தங்கல். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். அவ்வளவு தூரத்தில் செல்போன் வெறும் டார்ச் லைட்டுதான்.

அப்படியானால் வீட்டுக்குச் சேதி எப்படி வரும்? ஐஸ் தீர்ந்து, மீனோடு கரைக்குத் திரும்பும் படகு ஏதாவது வயர்லெஸ் எட்டும் தூரத்தில் கடந்து போகும். சித்தப்பா கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அந்தப் படகு இரண்டு மூன்று நாள் ஓடி, கரை நெருங்கி, போனில் இரண்டு கோடு காட்டும்போது, அதன் டிரைவர் தன் கேபினில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து எங்கள் சித்தியை அழைப்பார். "மயினி, அண்ணனுக்க போட்டு நல்லா இருக்கு. இன்னும் பத்து பன்னெண்டு நாளாவும்." அவ்வளவுதான் சேதி. சித்தி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவன். சித்தப்பாவின் கேபினில் பார்த்துப் பழகிய அந்தத் தாளை, பல வருடம் கழித்து ஓர் ஆய்வுக் கட்டுரையில் மறுபடி பார்த்தேன். சேதியைச் சேமித்து வை, சுமந்து போ, சரியான ஆளைச் சந்திக்கும்போது கைமாற்று. எந்நேரமும் இணைப்பு இருக்க வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டு கட்டும் வலையமைப்புகளுக்கு அடிப்படை இதுதான். பூமிக்கும் விண்கலத்துக்கும் இடையே சேதி போவதற்காக யோசிக்கத் தொடங்கி, பிறகு தரைக்கு இறங்கி வந்த சிந்தனை அது. எங்கள் ஊர்க்காரர்கள் பென்சிலும் தாளும் வைத்து அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு நான் எழுத வந்தது அந்தத் தாளைப் பற்றித்தான்.

2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டத்தின்படி, கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி) இலவசமாகக் கொடுக்கிறீர்கள். இஸ்ரோவின் தொழில்நுட்பம், இருவழிக் குறுஞ்செய்தி, ஆபத்துப் பொத்தான். நல்ல காரியம். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கு ஆண்கள் இருந்திருப்பார்கள். அதனால் இந்த மடலைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தக் கருவியைப் பற்றி எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். புரொஜெக்டரில் ஒரு வரைபடம் போட்டார்கள். நீலக் கடலில் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வானத்துக்கு ஒரு கோடு, வானத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு கோடு. பின்வரிசையில் இருந்த சித்தப்பா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், போட்டுக்கும் போட்டுக்கும் நடுவுல ஒரு கோடும் இல்லியே?" "அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் ஐயா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

சித்தப்பாவின் கேள்விதான் உண்மையில் டெக்னிக்கல் கேள்வி.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். கடல் தட்டையாக இல்லை, வளைந்திருக்கிறது. வயர்லெஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். படகு ஒவ்வொன்றிலும் ஆன்டெனா 5 மீட்டர் உயரம் என்றால் படகுக்குப் படகு சுமார் 18 கிலோமீட்டர், அதாவது பத்து நாட்டிக்கல் மைல். கரையில் 50 மீட்டர் கோபுரமே வைத்தாலும் கோபுரத்துக்கும் படகுக்கும் சுமார் 38 கிலோமீட்டர்தான். இருநூறு நாட்டிக்கல் மைலில் நிற்கும் படகு கரையிலிருந்து 370 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கரையில் கோபுரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அது எட்டாது. ஆனால் அந்தப் படகு தனியாக நிற்பதில்லை. பத்து மைலுக்குள் இன்னொரு படகு இருக்கும், அதற்குப் பத்து மைலில் மற்றொன்று. யார் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதும் தற்செயல் அல்ல. ஒரே ஊர்க்காரர்கள், மச்சான் முறை, ஒரே தரகரிடம் மீன் போடுகிறவர்கள், போன தங்கலில் ஒன்றாக மீன் பார்த்தவர்கள்.

மனிதர்களின் பழக்கவழக்கத்தை மாதிரியாக வைத்து வயர்லெஸ் வலையமைப்பை வடிவமைக்கும் ஆராய்ச்சிக்கு வயது இருபதுக்கு மேல் ஆகிறது. 2000-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் வஹ்தாட், பெக்கர் இருவரும் ஒரு முரட்டு வழியை முன்வைத்தார்கள்: சந்திக்கும் எல்லோருக்கும் எல்லாச் சேதியையும் கொடு, தொற்றுநோய் பரவுவதுபோல் பரவி எப்படியாவது போய்ச் சேரும். போய்ச் சேரும்தான், ஆனால் அலைவரிசை மூச்சுத் திணறும். அதே காலத்தில் பிரின்ஸ்டன் ஆட்கள் கென்யாவில் வரிக்குதிரைகளின் கழுத்தில் பட்டை கட்டினார்கள். இரண்டு குதிரைகள் பக்கத்தில் வந்தால் ஒன்றின் தகவல் இன்னொன்றுக்குப் போகும். ஆய்வாளரின் வண்டி ஏதோ ஒரு குதிரைக்கு அருகே போனால் போதும், மந்தையின் கதை முழுக்கக் கிடைத்துவிடும். நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தில் தொட்டபள்ளாபுரம் வட்டாரத்தில், பேருந்தில் வைஃபை பெட்டி வைத்து ஊர் ஊராக நில ஆவணத் தகவல்களைச் சுமந்துபோன 'டாக்நெட்' முயற்சி நடந்திருக்கிறது. இணையம் வராத ஊருக்கும் பேருந்து வருமே என்பதுதான் அதன் யுக்தி.

எங்கள் தாளுக்கு மிக நெருங்கி வந்தது 2008-இல் கேம்பிரிட்ஜிலிருந்து பான் ஹுய், ஜான் குரோகிராஃப்ட், ஏய்கோ யோனெகி மூவரும் வெளியிட்ட 'பபிள் ராப்' என்ற முறை. சேதியைச் சுமப்பவர் தன்னைவிட அதிகம் பேரைச் சந்திக்கும் ஒருவரிடம் அதைக் கொடுக்கிறார். அவர் தன்னைவிடப் பிரபலமானவரிடம் கொடுக்கிறார். அப்படி மேலே மேலே ஏறி, பெறுநரின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கையில் வந்ததும் கணக்கு மாறுகிறது. அதன் பிறகு உலகப் பிரபலம் தேவையில்லை, அந்தக் கூட்டத்துக்குள் யார் பிரபலம் என்று பார்த்தால் போதும். நம் பாஷையில் சொன்னால், சேதியை ஊருக்குள் விட்டுவிடு, ஊர் பார்த்துக்கொள்ளும்.

சித்தப்பாவின் தாளில் இருந்த பென்சில் புள்ளிகளும் இதுதான். புள்ளி வைத்த படகுகள் கொச்சிக்கு அடிக்கடி போய்வருபவை, எட்டு ஊரிலும் ஆளுண்டு. எந்தச் சேதியையும் அவற்றிடம் கொடுக்கலாம். புள்ளி இல்லாதவை அந்தந்த ஊர்ச் சேதிக்கு மட்டும். கேம்பிரிட்ஜ்காரர்கள் கருவிகளை மாநாட்டுப் பிரதிநிதிகள் பையிலும் மாணவர்கள் பையிலும் வைத்து அளந்ததை, சித்தப்பா பென்சில் முனையால் அளந்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜும் மற்றப் பல்கலைக்கழகங்களும் கொடுத்த சூத்திரங்களை அப்படியே எடுத்துக் கடலில் போட்டால் என்ன ஆகும்? மூன்று இடங்களில் உடையும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவதுதான் பெரிய விஷயம், அதில் கொஞ்சம் நின்று பேசுவேன்.

முதலாவது, மறதி. 2003-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த 'ப்ரோஃபெட்' என்ற முறை, பிறகு 2012-இல் இணைய ஆவண வரிசையிலும் ஏறியது. அதில் ஒவ்வொரு கருவியும் மற்றவர்களைச் சந்திக்கும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். அந்தப் பழைய கட்டுரையில் கொடுத்த அளவுகளின்படி, முதல் சந்திப்பில் 0.75. மறுபடி சந்தித்தால் மீதமிருக்கும் 0.25-இல் முக்கால் பங்கு கூடி 0.9375. சந்திக்காத ஒவ்வொரு கால அலகுக்கும் அதை 0.98-ஆல் பெருக்கிக் குறைப்பார்கள். பார்க்காதவர்களை மெல்ல மறப்பது மனித இயல்புதானே.

ஆனால் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஒரு நாளை ஓர் அலகாக எடுத்துக்கொண்டால், 61 நாளில் அந்த 0.9375 என்ன ஆகும் தெரியுமா? 0.27. ஆகஸ்ட் 1-இல் கடலில் இறங்கும்போது, சித்தப்பாவின் கருவிக்கு அவருடைய சொந்த மச்சான் படகு கிட்டத்தட்ட அந்நியன். இரண்டு பேரும் அந்த 61 நாளும் ஒரே வலைக்கூடத்தில் உட்கார்ந்து தூண்டில் முடித்தவர்கள், ஒரே கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள். கரையில் உறவு இறுகிய நேரத்தில் கருவி மறந்துகொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தடைக்கால நாட்களைக் கருவியின் நாட்காட்டியில் ஏற்றி, அப்போது மறதிக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தால் போதும். ஆனால் கடற்கரையில் ஒரு ஜூன் மாதத்தைப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

இரண்டாவது, கணக்கில் வராத ஆட்கள். இன்றைக்கு ஆழ்கடல் படகுகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டு ஊரில் மச்சானும் இல்லை, கொச்சியில் தரகரும் இல்லை. சித்தப்பாவின் தாளில் அவர்கள் வீட்டு நம்பர் கிடையாது. கூட்டத்தைக் கண்டுபிடித்துக் கூட்டத்துக்குள் சேதி அனுப்பும் எந்த முறையும், கூட்டமே இல்லாதவனைக் கடைசியில் நிறுத்தும். மனிதர்களைப் பார்த்துப் படிக்கும் வலை, மனிதர்களின் பாரபட்சத்தையும் சேர்த்துத்தான் படிக்கும். எங்கள் ஊர்க்காரர்களின் தாளைப் புகழ்ந்துகொண்டே வந்தேன், இந்த ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். இவர்களுக்கென்று சேதிக்கு ஒரு முன்னுரிமைக் குறி இருக்கட்டும். எந்தப் படகின் கணக்கிலும் சேராதவரின் வீட்டுச் சேதியை, புள்ளி வைத்த படகுகள் முதலில் எடுக்கட்டும்.

மூன்றாவது, மறைப்பு.

எங்கள் கடலில் ஒரு வழக்கு உண்டு. வயர்லெஸ்ஸில் எவன் அதிகம் புலம்புகிறானோ அவனுக்குத்தான் மீன் பட்டிருக்கிறது. "ஒண்ணும் இல்லப்பா, டீசலுக்கும் ஆவாது" என்று குரல் சோகமாக வந்தால், பக்கத்துப் படகுகள் மெல்லத் தலையைத் திருப்பும். மீன் பட்ட இடத்தை அண்ணன் தம்பிக்குச் சொல்வார்கள், ஊர்க்காரனுக்குப் பாதி சொல்வார்கள், மற்றவர்களுக்குப் பொய் சொல்வார்கள். மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு, அதாவது பார், ஒன்றைக் கண்டுபிடிக்க ஒருவர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்திருப்பார். அந்தக் காலத்தில் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் குறித்தார்கள், இப்போது ஜிபிஎஸ்ஸில் ஓர் எண். அந்த எண்தான் அவருடைய சொத்து, பத்திரம் இல்லாத நிலம்.

இந்த நிலையில் நீங்கள் கொடுக்கும் கருவி என்ன செய்கிறது? படகு நிற்கும் இடத்தைக் குறித்த இடைவெளியில் வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிலர் அதை அணைத்து வைக்கிறார்கள். அணைத்தால் உங்கள் பார்வையில் அது ஒத்துழையாமை. அபராதம் போடலாமா, மானிய டீசலை நிறுத்தலாமா என்று யோசனை ஓடுகிறது. சித்தப்பாவிடம் இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மக்களே, ஆபத்துன்னா எனக்க எடத்த நான் லோகத்துக்கே சொல்லுவேன். ஆபத்து இல்லாதப்ப எனக்க மீனு எங்க நிக்குன்னு எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?"

இதைவிடத் தெளிவான வடிவமைப்புக் குறிப்பு ஒரு பொறியாளருக்குக் கிடைக்குமா? மனித நடத்தையை மாதிரியாக எடுத்துக்கொள்வது என்றால், பேசும் நடத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மறைக்கும் நடத்தையைக் குப்பையில் போடக்கூடாது. மறைப்பதும் உறவின் பகுதிதான்.

'பெயரை எடுத்துவிடுவோம், இடம் மட்டும்தான் பதிவாகும்' என்று சொல்வீர்கள். 2013-இல் த மோன்ஜோய் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் பதினைந்து லட்சம் பேரின் செல்போன் நடமாட்டத் தரவை அலசினார்கள். பெயர் இல்லாத அந்தக் குவியலில் ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க, அவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு நான்கே புள்ளிகள் போதும். 95 சதவீதம் பேர் விஷயத்தில் அப்படி. அது பதினைந்து லட்சம் பேர் நடமாடும் தரை. கடலில் சில நூறு படகுகள்தான், துறைமுகத்தை விட்டு எது எப்போது கிளம்பியது என்று டீக்கடைக்கே தெரியும். எங்களுக்கு நான்கு புள்ளிகூட வேண்டாம்.

ஆகவே இப்படி இருக்கட்டும் என்கிறேன். சாதாரண நாளில் கருவி வெளியே சொல்லும் இடம், பெரிய கட்டங்களாகப் பிரித்த கடலில் எந்தக் கட்டம் என்ற அளவில் மட்டும் இருக்கட்டும். தேடுதல் விமானத்துக்கு எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்று தெரிய அது போதும். மீன் பாரைக் கண்டுபிடிக்கப் போதாது. துல்லிய இடம் கருவிக்குள்ளேயே பூட்டி இருக்கட்டும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் அது உடைந்து வெளியே வரட்டும். படகு நெடுநேரம் ஓசையின்றிப் போனாலும் வரட்டும், அந்த நெடுநேரம் எவ்வளவு என்பதைப் படகுக்காரரே முன்கூட்டிச் சொல்லட்டும். கூட்டத்தையும் நீங்கள் கணித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். யார் யாருக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று அலசி உறவைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, 'உன் சேதியை யாரிடம் கொடுப்பாய்?' என்று கேட்டுவிடலாம். தாளைத்தான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்களே.

மேலே 'ஆபத்து' என்று எளிதாக எழுதிவிட்டேன். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாளே கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயலாக மாறியது. 'கடலுக்குப் போக வேண்டாம்' என்ற எச்சரிக்கை, ஏற்கெனவே போனவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆழ்கடல்காரர்கள் எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே கிளம்பியவர்கள். தமிழ்நாடும் கேரளமும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். யார் யார் திரும்பவில்லை என்ற பட்டியலை ஊர்களில் கோயில் மைக் வைத்துத்தான் தயாரித்தோம். ஒரு பெயரைச் சொல்வார்கள், கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் எழும்.

அந்த நாட்களில் கடலில் நடந்ததைத் திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயர்லெஸ்ஸில் ஒரு பொய் இல்லை. ஊர் இல்லை, மச்சான் இல்லை, போட்டி இல்லை. மலையாளத்தில், தமிழில், தெரிந்த எந்தப் பாஷையிலும், யார் காதில் விழுந்தாலும் சரி என்று தான் நிற்கும் இடத்தைக் கத்திச் சொல்லியிருக்கிறார்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துத் தொங்கியவர்களை, ஜென்மப் பகை உள்ள ஊர்க்காரர்களே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

தகவமைத்துக்கொள்ளும் வலையமைப்பு என்று நீங்கள் சொல்வதற்கு எங்கள் கடலில் இதுதான் அர்த்தம். அமைதியான கடலில் கேம்பிரிட்ஜ் முறை: ஊர் பார்த்து, உறவு பார்த்து, அளவோடு. புயலில் டியூக்கின் முரட்டு முறை: எல்லோருக்கும் எல்லாம். ஒரே கருவி இரண்டு குணத்தோடும் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே மாற வேண்டும். மாற்றும் அதிகாரம் கரைக்கு மட்டும் இருந்தால் 2017 திரும்ப நடக்கும். படகுக்கு மட்டும் இருந்தால் குடித்துவிட்டு ஒருவன் அழுத்துவான், எல்லோரும் அலுத்துப்போய் அணைத்து வைப்பார்கள். அதனால் கரையிலிருந்து எச்சரிக்கை வந்தாலும் மாறட்டும். பக்கத்துப் பக்கத்துப் படகுகள் இரண்டு அழுத்தினாலும் மாறட்டும்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் 2019-இல் 'ஜெமினி' என்ற கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை இறங்கும், புளூடூத்தில் போனுக்கு வரும். கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. ஆனால் பாருங்கள், பத்துப் படகில் ஒன்றில் அது இருந்து, அந்தப் படகு மற்ற ஒன்பதுக்கும் எச்சரிக்கையைக் கைமாற்றினால் எத்தனை பேருக்குச் சேரும்? கொல்லம் பக்கம் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் படகுகளிலேயே நீள்தூர வைஃபை வைத்து, கூட்டமாகப் போகும் படகுகளை ஒன்றுக்கொன்று இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். படகுகள் கூட்டமாகப் போகும் என்பதை அவர்கள் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஸ்லைடில் இல்லாத கோடு அங்கே இருக்கிறது.

'எல்லாப் படகுக்கும்தான் செயற்கைக்கோள் கருவி கொடுக்கிறோமே, பிறகென்ன?' என்று கேட்பீர்கள். ஆபத்துக்கு அது சரி. தினசரி 'நல்லா இருக்கோம்'-க்கு அது தேவைக்கு மிஞ்சிய செலவு. செயற்கைக்கோள் வழி தடைப்படும்போது வேறு வழியும் இருக்காது. சேதி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 'நல்லா இருக்கோம்' என்பதைத் தமிழில் தட்டச்சினால் 43 பைட். நொடிக்குச் சில நூறு பிட் மட்டுமே அனுப்பும் மலிவான நீள்தூர ரேடியோவிலும் அது இரண்டு நொடிக்குள் போய்விடும். இருபது முப்பது வழக்கமான சேதிகளை எண்களாக வைத்துவிட்டால் ஒரே பைட்டில் முடியும். ஐஸ் தீர்ந்தது, என்ஜின் கோளாறு, இன்ன நாளில் வருவோம், ஆளுக்குக் காய்ச்சல். கடலில் பேசுவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

சுமப்பவருக்கு என்ன லாபம் என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். அடுத்தவர் சேதியைச் சுமக்காமல் தன் சேதியை மட்டும் பிறர் தலையில் கட்டும் கருவியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தண்டிப்பது, புள்ளிக் கணக்கு வைக்கலாமா என்றெல்லாம். தண்டனைக் கணக்கு இங்கே எடுபடாது என்றே நினைக்கிறேன். எங்களிடம் பங்கு முறை இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். செயற்கைக்கோளோடு பேசும் பெரிய கருவியைச் சுமக்கும் படகுக்கு அதன் செலவை, அந்தக் கூட்டத்தின் மற்றப் படகுகள் தங்கல் முடிந்து பங்கு பிரிக்கும்போது ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கலாம். எந்தப் படகு சுமப்பது என்பதையும் அவர்களே தங்கலுக்குத் தங்கல் மாற்றிக்கொள்ளட்டும். இதற்கு மென்பொருள் வேண்டாம், கணக்கு நோட்டு போதும்.

இன்னொன்று, சின்ன விஷயம். சேதி கட்டுப்பாட்டு அறையில் வந்து நிற்கக்கூடாது. 'படகு எண் இன்னது, நிலை: இயல்பு' என்று ஒரு திரையில் பச்சை விளக்கு எரிவதால் சித்திக்கு ஒன்றும் தெரிவதில்லை. சேதி வீட்டு போனுக்கு வரட்டும், தமிழில் வரட்டும். எந்தப் படகு சுமந்து வந்தது என்ற பெயரும் சேர்ந்தே வரட்டும். இன்றைக்குச் சேதி சொல்லும் படகுக்காரரிடம் சித்தி கேட்கும் முதல் கேள்வியே "ஏ மக்களே, நீ எப்ப பாத்தே?" என்பதுதான். சேதியின் வயது தெரியாவிட்டால் சேதிக்கு மதிப்பில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரக்குறி உங்கள் கருவியில் கட்டாயம் வேண்டும்.

தாளின் நகல் ஒன்றை உங்களுக்கு அனுப்பலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். நம்பரெல்லாம் வீட்டுப் பெண்களுடையது, அனுப்பக்கூடாது என்றார். வந்து பார்க்கச் சொன்னார். ஜூன், ஜூலையில் எட்டு ஊர்ப் படகுகளும் கரையில்தான் நிற்கும், பிற்பகலில் வலைக்கூடத்தில் ஆட்கள் இருப்பார்கள். புரொஜெக்டர் வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வந்தால் சித்தியோடுதான் பேச முடியும். அவரிடமும் கேட்க நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
எட்டு ஊர்களில் ஓர் ஊரிலிருந்து,
ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை